வேர் சிகிச்சை முடிந்தது, அடைப்பு உதிர்ந்தது: போஸ்ட்டா, பிடுங்குவதா?

பல்லாங்குழி:
வலது கீழ்த்தாடை, முதல் பெரிய கடைவாய்ப் பல். ரூட் கெனால் முடிந்து 5 வாரம் ஆகிறது, கேப் இன்னும் போடவில்லை. மேலே வைத்திருந்த தற்காலிக அடைப்பு 4 நாளைக்கு முன் பாதி உதிர்ந்துவிட்டது. வலி துளியும் இல்லை. கன்னத்துப் பக்கச் சுவர் நன்றாக நிற்கிறது. நாக்குப் பக்கம் ஈறு மட்டம் வரை போய்விட்டது. போஸ்ட் (வேர்க்கால்வாய்க்குள் இறக்கும் சிறு கம்பி) வைத்து கேப் போடலாம் என்கிறார் ஒரு டாக்டர். பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதை வைத்து முடிவெடுப்பது?

வேர்க்கால்:
வலி இல்லை என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழை எடுத்தாகிவிட்டது, சூடு குளிர்ச்சி சொல்ல உள்ளே ஆளில்லை. வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்தாலும் மாதக்கணக்கில் சத்தமே வராது.

இன்றைய அவசரம் அடைப்புதான், கேப் அதற்கப்புறம். வேர்க்கால்வாயில் நிரப்பும் கட்டா பெர்ச்சா எச்சிலை முழுதாகத் தடுக்கும் பொருள் அல்ல. தற்காலிக அடைப்பு குறைந்தது 3 முதல் 4 மி.மீ. கனம் இருந்தால்தான் கசியாது. அதுவும் சில வாரத்துக்கு மட்டும். பாதி உதிர்ந்தால் மீதியும் இருந்து பயனில்லை.

4 நாள் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பை மாட்டி மீதி அடைப்பைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கால்வாய் வாய்களில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகக் கட்டா பெர்ச்சா தெரியும். கருவி நுனியால் அழுத்தினால் கெட்டியாக நிற்க வேண்டும். ஓரத்தில் இடுக்கு விட்டு நுனி உள்ளே இறங்கினாலோ, ஈரமும் நாற்றமும் வந்தாலோ, கால்வாயை மறுபடி திறந்து சுத்தம் செய்வதுதான் சரி. கெட்டியாக இருந்தால் மேலே 1 முதல் 2 மி.மீ. எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமரோ காம்போசிட்டோ (இரண்டும் பல்லோடு ஒட்டும் அடைப்புப் பொருள்கள்) வைத்துக் கால்வாய் வாயை மூடலாம். திறந்தபடி இரண்டு மூன்று மாதம் போனது என்றால், வெளியே எப்படித் தெரிந்தாலும் மறுசிகிச்சைதான்.

உலக்கைப்பூண்:
போஸ்ட்டா இம்ப்ளான்ட்டா என்று கேட்கும் முன் ஒரு அளவு தெரிய வேண்டும். உலக்கை நுனியில் ஏன் பூண் போடுகிறோம்? மரம் பிளக்காமல் சுற்றி இறுக்கிப் பிடிக்க. கேப்பின் விளிம்பும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது பிடிக்க இயற்கைப் பல் வேண்டும், அடைப்புப் பொருள் போதாது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மி.மீ. உயரம், சுமார் 1 மி.மீ. கனம் உள்ள சுவர் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், முற்றிலும் இல்லாதபோதுதான் சிக்கல்.

உங்களுக்கு நாக்குப் பக்கம் குறைகிறது. ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கி உயரம் பெறலாம். எலும்பு விளிம்புக்கும் கேப் விளிம்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இதில் ஒரு பொறி இருக்கிறது: இரண்டு வேரும் பிரியும் கவட்டை எலும்புக்குக் கொஞ்சம் கீழேதான். தேவைக்கு மேல் எலும்பை எடுத்தால் கவட்டை வெளியே வரும், அங்கே பிரஷ் நுழையாது, சில வருடத்தில் ஈறு நோயில் பல் போகும். எக்ஸ்ரேயில் அந்தத் தூரத்தை அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

போஸ்ட் பல்லைப் பலப்படுத்தும் என்பது தவறான எண்ணம். மேலே கட்டும் அடைப்புக்குப் பிடிமானம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. கடைவாய்ப் பல்லில் கூழ் இருந்த அறையின் ஆழமே பல சமயம் அந்தப் பிடிமானத்தைக் கொடுத்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பின்புற வேரின் அகலமான கால்வாயில் ஒன்று போதும், நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டா பெர்ச்சா மிஞ்ச வேண்டும். முன்புற வேரில் துளைக்க விடாதீர்கள், அது மெல்லியது, வளைந்தது, பக்கவாட்டில் ஓட்டை விழும்.

கடுக்கன்:
ஒரு சிறு திருத்தம். நரம்பு எடுத்தால் பல் காய்ந்து பொரிந்துவிடும், அதனால் கேப் என்பார்கள். அது இல்லை காரணம். 1989-இல் வந்த ஓர் ஆய்வில், சிறிய கடைவாய்ப் பற்களில் வேர் சிகிச்சைக்காக மேலிருந்து திறந்ததால் பல்லின் விறைப்பில் 5 சதவீதம்தான் குறைந்தது. முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டையும் எடுத்துப் பள்ளம் வெட்டியபோது 63 சதவீதம். சொத்தை தின்றதும் நாம் வெட்டியதும்தான் பல்லை உடைக்கின்றன. முன்பல்லில் பின்பக்கம் சின்னத் துளை மட்டும் என்றால் காம்போசிட் அடைப்பே போதும், எல்லாப் பல்லுக்கும் கேப் தலையெழுத்தல்ல.

இன்னொன்று: குட்டைப் பல்லுக்கு முழு உலோக கேப்பை யாரும் சொல்வதே இல்லை. பீங்கான் பூசிய கேப் என்றால் பல்லின் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. சீவ வேண்டும், உலோகத்துக்கு 1 முதல் 1.5 போதும். அழகில்லைதான், ஆனால் கீழ்க் கடைவாயை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

பல்லாங்குழி:
எக்ஸ்ரேயில் நிரப்பியது வேர் நுனிக்கு 1 மி.மீ. முன்னால் நிற்கிறது. முன்வேரில் இரண்டு கோடு, பின்வேரில் ஒன்று. இது சரியா?

வேர்க்கால்:
நீளம் சரி, நுனியிலிருந்து 2 மி.மீ.க்குள் இருப்பதே குறி. பின்வேரைத்தான் கவனியுங்கள். அந்த ஒரு கோடு வேரின் நடுவில் ஓடாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால் இன்னொரு கால்வாய் விடுபட்டிருக்கலாம். எக்ஸ்ரே குழாயை 20 டிகிரி முன்னே சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் தெரியும். நடுவில்தான் இருக்கிறது என்றால் விடுங்கள்.

உலக்கைப்பூண்:
பிடுங்கச் சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: பல்லைச் சுற்றி ஈறு இடுக்கில் மெல்லிய அளவுகோல் விட்டுப் பார்த்தாரா? எல்லா இடத்திலும் 2, 3 மி.மீ. இறங்கி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8 மி.மீ. குறுகலாகச் சரேலென்று போனால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளந்திருந்தால் அவர் சொல்வதுதான் சரி, கேப்புக்குச் செலவழிக்காதீர்கள். அப்படி இல்லை, கவட்டைக்கும் இடம் இருக்கிறது என்றால் இந்தப் பல்லை எடுக்க நான் சொல்ல மாட்டேன். கேப் வரும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை வேண்டாம்.