44ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் வீடு இருக்கிறவர்கள் உதவணும் (காரிமங்கலம் – தொப்பூர்)

வணக்கம். லாரிப் புகையால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போகிறது, மருந்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்கெடுக்கிறோம். சாலைக்கு 300 மீட்டருக்குள், இரண்டு பக்கமும் வீடுகள் தேவை.

ஏன் இரண்டு பக்கமும்? ஆடியில் மேற்குக் காற்று, புகை கிழக்குப் பக்க வீடுகளுக்குப் போகும். மார்கழியில் திசை மாறும். அதே வீடு, அதே வருமானம், புகை மட்டும் கூடிக் குறையும். ரோட்டோர வீட்டை ஊருக்குள் இருக்கும் வீட்டோடு சும்மா ஒப்பிட்டால், வசதி வித்தியாசமும் புகையின் கணக்கில் ஏறிவிடும்.

புகையில் இருந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போகிற பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் நாட்களில் ஆகிற செலவுதான் எங்கள் கேள்வி.

இந்தத் துகளை அளக்க உங்கள் வீட்டில் மாட்டும் கருவி சின்னது, போன் சார்ஜரில் ஓடும். நிழலான தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டணும். அடுப்படி, கொசுவத்தி பக்கத்தில் வேண்டாம். பனிமூட்டக் காலையில் துகள் ஈரத்தில் ஊதி அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் ஈரப்பதமும் சேர்த்துப் பதிவாகும். கரண்ட் போன நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கூடவே ஒரு நோட்டு: யாருக்கு இருமல், போன கூலி, மருந்து, பஸ் செலவு. பிள்ளைக்கு முடியாமல் அம்மா வேலைக்குப் போகாத நாளையும் எழுதுங்கள், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். ஒன்றும் இல்லாத நாளுக்கு சைபர் போடணும். காலியாக விட்டால் நலமா, மறதியா தெரியாது.

முடிந்தவர்கள் ஊர்ப் பெயரும், சாலைக்குக் கிழக்கா மேற்கா என்பதும் மட்டும் கீழே எழுதுங்கள். நல்லம்பள்ளிப் பக்கம் மேற்கு வீடுகள் அவசரமாகத் தேவை.