கரண்ட் இல்லாதபோது போட்ட எடைக்கு எந்த நேரம்?

கேள்வி (ரங்கூன்)
வணக்கம். மாமாவின் உளுந்து, துவரை கிட்டங்கிக்கு எடைப் பதிவு ஆப் ஒன்று எழுதியிருக்கிறேன். தராசுப் பக்கம் நிற்கும் பையன்கள் மூட்டை எடையைப் போனில் தட்டுவார்கள். அது சர்வரில் இருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்குப் போகும். நேரம் தானாக விழட்டும் என்று டிஃபால்ட்டாக 'நவ்' (இப்போதைய நேரம்) வைத்திருக்கிறேன். இங்கே கரண்ட் நிலவரம் தெரிந்ததுதான். அது போனால் வைஃபையும் போய், பதிவுகள் போனிலேயே தங்கிவிடும். மதியம் கரண்ட் வந்ததும் காலையில் ஏற்றிய மூட்டைகள் மொத்தமாகப் போய்ச் சேரும், அத்தனைக்கும் ஒரே நேரம், நொடிகூட மாறாமல். எந்த மூட்டை எந்த லாரியில் போனது என்று கேட்டால் மாமா என்னைப் பார்க்கிறார்.

போனின் நேரத்தையே வைத்துவிடலாமா? பையன்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு போனிலிருந்து 1970 ஜனவரி 1, காலை 6.30 என்றுகூட வருகிறது!

பதில் (மோல்மேன்)
தம்பி, நேரம் கிடைக்காதபோது ஆப் 0 அனுப்புகிறது. 0 என்றால் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) 1970 ஜனவரி 1 நள்ளிரவு. பர்மா நேரம் அதைவிட ஆறரை மணி கூடுதல், அதனால்தான் 6.30. காலியாகவே விட்டிருக்கலாம்.

ஒரே நொடி விழுவதற்குக் காரணம், போஸ்ட்கிரஸின் நவ் டிரான்ஸாக்‌ஷன் (ஒரே மூச்சில் எழுதும் தொகுப்பு) தொடங்கிய நேரத்தைத்தான் தரும். மொத்தமாகச் செருகினால் எல்லா வரிக்கும் அதே நேரம்தான். அந்தந்த நொடியின் நேரத்தைத் தரும் கிளாக் டைம்ஸ்டாம்ப் போட்டால் கொஞ்சம் மாறும், ஆனாலும் அது வந்து சேர்ந்த நேரமே.

டேபிளில் நேரத்துக்கு இரண்டு கட்டம் வையுங்கள். நடந்த நேரம் போன் சொல்வது, அதற்கு டிஃபால்ட்டே கூடாது. வந்த நேரம் சர்வர் போடுவது, அதற்கு நவ் சரி. அப்புறம், அனுப்பும்போது போன் கடிகாரம் என்ன காட்டியது என்பதும் கூடவே வரட்டும். போன் 2.18 என்கிறது, சர்வர் 2.10 என்கிறது என்றால், அந்தத் தொகுப்பு முழுக்க எட்டு நிமிடம் கழித்துக் காட்டலாம். போன் சொன்னதை மட்டும் அழிக்காதீர்கள். நடுவில் யாராவது கடிகாரத்தைத் திருத்தினால் இந்தக் கணக்கு தப்பும். ஆண்ட்ராய்டில் எலாப்ஸ்டு ரியல்டைம் என்று ஒன்று உண்டு, போன் ஆன் ஆனதிலிருந்து ஓடிய நேரம். கடிகாரத்தை மாற்றினாலும் அசையாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் பூஜ்யத்துக்குப் போகும்.

பதில் (மாண்டலே)
உளுந்து மூட்டைக்கு இவ்வளவு வேண்டுமா அண்ணே? போனில் தானியங்கி நேரத்தை ஆன் செய்து, ஒவ்வொரு போனும் வரிசை எண் போட்டு அனுப்பினால் போதும். லாரிக் கேள்விக்கு வரிசைதானே முக்கியம்.

எனக்குப் பயம் நாள் கணக்கில்தான். யூடிசியில் சேமிப்பது சரி, ஆனால் யூடிசி தேதியை வைத்தே ரிப்போர்ட் எடுத்தால் காலை 6.30-க்கு முன் ஏற்றியதெல்லாம் நேற்றைய கணக்கில் விழும். விடிகாலை லாரி மொத்தமும் போச்சு. ரிப்போர்ட்டுக்கு ஏசியா/யாங்கூன் என்று நேர வலயம் கொடுங்கள். பழைய ஏசியா/ரங்கூனும் வேலை செய்யும். +6, +7 என்று முழு மணியாக எழுதிவைத்துவிட்டு அரை மணியைத் தேடுகிறவர்கள் இங்கே நிறைய.

கேட்டவர்
வரிசை எண், இரண்டு கட்டம், இரண்டையும் இன்றே போடுகிறேன். நடந்த நேரம் காலியாக வந்தால் ரசீதில் என்ன அச்சடிப்பது?

பதில் (மோல்மேன்)
வந்த நேரத்தை அச்சடித்து, பக்கத்தில் 'சர்வருக்கு வந்தது' என்று போடுங்கள். டேட்டாபேஸில் மட்டும் அதை நகலெடுத்து நிரப்பாதீர்கள். அப்புறம் எது பையன் தட்டியது, எது நாம் நிரப்பியது என்று பிரிக்கவே முடியாது.