நியூசிலாந்து ரோட்டருவா பக்கம் ட்ரவுட் மீன் மாட்டுவது திடீரென்று நின்றுவிட்டது, உதவி தேவை (சனிக்கிழமை போகிறோம்)

நரேன்_ஹாமில்டன்:
வணக்கம். ஜனவரிக் கோடையில் போன அதே இடம், அதே படகு, அதே ஜிக் (ஆழத்தில் இறக்கி ஆட்டும் பொய் இரை). அப்போதெல்லாம் இறக்கின கையோடு இழுத்தது. ஈஸ்டருக்குப் போனால் ஒன்றுமே இல்லை, ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்குள் மீனைக் காட்டும் கருவி) திரையும் காலி. கடைசியில் மாட்டிய ஒன்றும் கறுத்துப்போய், வயிறு உப்பி, சதை வெளுத்து, வாயில் வைக்க முடியவில்லை. ஏரிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார். சனிக்கிழமை கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

பருத்தித்துறையான்:
எந்த ஏரி தம்பி? அந்தப் பக்கம் ஒன்றா இரண்டா கிடக்குது?

மீனா_டௌரங்கா:
எந்த நேரம் போனீர்கள்? ஜிக்கை எவ்வளவு ஆழத்தில் விட்டீர்கள்? அதைச் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஏரிக்கரை_எழில்:
எந்த ஏரியாக இருந்தால் என்ன, எல்லாம் கெளுத்தி செய்யும் வேலை. 2016இல் பக்கத்து ரோட்டோஇட்டி ஏரியில் கண்டுபிடித்தார்கள், 2018இல் ரோட்டருவா ஏரிக்கும் வந்துவிட்டது. ட்ரவுட் முட்டையை அது விட்டுவைக்குமா?

பழைய_தூண்டில்:
ஏப்ரல் பிறந்தால் இந்த விவாத இழையும் பிறந்துவிடும். தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. எழில், ட்ரவுட் முட்டையிடுவது ஓடையின் சரளைக் கற்களில். கெளுத்தி கிடப்பது ஏரியின் களைச்செடிக்குள். கெளுத்தி கெடுதல்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஜனவரியில் மீன் கொடுத்த ஏரியை ஏப்ரலுக்குள் அது காலி செய்துவிடாது.

நரேன்_ஹாமில்டன்:
மன்னிக்கவும், ரோட்டோஇட்டிதான். காலை பத்து மணி வாக்கில், 20 மீட்டர் போல. ஜனவரியிலும் அதே ஆழம்தான்.

பருத்தித்துறையான்:
அப்ப சுவர்தான் காரணம். இரண்டு ஏரியையும் இணைக்கும் ஓஹாவ் கால்வாய் வாயில் 2008இல் சுவர் வைத்து, ரோட்டருவா தண்ணீர் ரோட்டோஇட்டிக்குள் பரவாமல் கைடூனா ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ட்ரவுட் தின்னும் ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் குஞ்சு வாற வழி கெட்டுப்போச்சு. இரை இல்லாத இடத்தில் ட்ரவுட் நிற்குமோ?

பழைய_தூண்டில்:
2008 சுவர் இந்த ஜனவரியில் மட்டும் விடுமுறை எடுத்துக்கொண்டதா அண்ணா? அந்தச் சுவர் வந்த பிறகு ரோட்டோஇட்டியின் பாசி குறைந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மீனா_டௌரங்கா:
நரேன், இலையுதிர்காலத்தில் அந்த ஏரி இப்படித்தான். கோடையில் மேல் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும், ட்ரவுட்டுக்கு அந்தச் சூடு ஆகாது. அடித் தண்ணீர் குளிர்ச்சி, ஆனால் ரோட்டோஇட்டியில் கோடை முடியும் நேரத்தில் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். அதனால் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நடுவில் ஒரு பட்டையில் எல்லா மீனும் நெருக்கியடித்து நிற்கும். நீங்கள் 20 மீட்டரில் இறக்கியது சரியாக அந்தக் கூட்டத்தின் தலையில். இப்போது இரவுகள் குளிர்ந்துவிட்டன, மேல் தண்ணீர் கனத்துக் கீழே இறங்குகிறது, அடுக்கு உடைகிறது. மீனுக்கு ஏரி முழுவதும் திறந்துவிட்ட மாதிரி. ஃபைண்டரில் கூட்டம் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

கறுத்த மீன் நோய் மீன் இல்லை. குளிர்காலத்தில் முட்டையிடத் தயாராகும் ரெயின்போ வகை ட்ரவுட். உடம்புக் கொழுப்பெல்லாம் முட்டைக்கும் விந்துக்கும் போய்விடும், நிறம் கறுக்கும், சதை வெளுத்துத் தளரும். அப்படி ஒன்று மாட்டினால் திருப்பி விட்டுவிடுங்கள்.

குன்னூர்_பிரபு:
இடையில் வருகிறேன். இந்த ஊர்க்காரர்கள் ட்ரவுட்டைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். எங்கள் நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகம் அதற்கெல்லாம் முன்னால் வந்தது.

பழைய_தூண்டில்:
அவலாஞ்சி பொரிப்பகம் 1907. இங்கே பழுப்பு ட்ரவுட் டாஸ்மேனியாவிலிருந்து 1860களிலேயே வந்துவிட்டது, ரெயின்போ 1883இல் கலிபோர்னியாவிலிருந்து. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறையான்:
நுவரெலியாவிலும் 1880களிலேயே விட்டார்கள். நீலகிரி மூன்றாவது.

குன்னூர்_பிரபு:
1907க்கு முன்பே பல முறை முயன்றார்கள், அது கணக்கில் வராதா? அதிருக்கட்டும், நுவரெலியா மீனை ஒரு முறையாவது சாப்பிட்டிருக்கிறீர்களா? ட்ரவுட்டுக்குப் புளி ஆகாது. மிளகும் எலுமிச்சையும் தடவித் தோசைக்கல்லில் போட வேண்டும்.

பருத்தித்துறையான்:
ஆகாது என்று யார் சொன்னது? பழப்புளி விட்டு, தேங்காய்ப்பால் கொஞ்சம் சேர்த்து வையுங்கோ, அப்புறம் கதைப்பம்.

ஹட்_கவிதா:
நான் தூண்டில் பிடிப்பதில்லை. இந்த மீன் கடையில் எங்கே கிடைக்கும்?

மீனா_டௌரங்கா:
எங்கேயும் கிடைக்காது கவிதா. நியூசிலாந்தில் ட்ரவுட் விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். பிடித்தவர் கொடுத்தால் உண்டு.

நரேன்_ஹாமில்டன்:
புளி அப்புறம். சனிக்கிழமை என்ன செய்யட்டும்? மாமாவுக்கும் லைசென்ஸ் வேண்டுமா? என்னிடம் தௌப்போ ஏரி லைசென்ஸ் இருக்கிறது.

பழைய_தூண்டில்:
தலையில் கை வைத்துக்கொண்டேன். தௌப்போ லைசென்ஸ் தௌப்போவுக்கு மட்டும்! ரோட்டோஇட்டியில் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் லைசென்ஸ்தான் செல்லும். மாமா தூண்டிலைத் தொட்டால் அவருக்கும் தனியாக, வெளிநாட்டவர் லைசென்ஸ். ஆன்லைனிலேயே எடுக்கலாம். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

மீனா_டௌரங்கா:
படகில்தான் போவீர்கள் என்றால் விடியும்போதே இறங்குங்கள். ஒரே ஆழத்தில் நின்று ஜிக் ஆட்டாமல், மெதுவாக ட்ரோல் செய்து (ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து) வேறு வேறு ஆழம் பாருங்கள். அதைவிட, இருட்டின பிறகு கரையிலிருந்து வீசுவது நல்லது. முற்றிய மீன்கள் கரையோரம் வரத் தொடங்கும் காலம் இது, ஹினேஹோபு, ருவாட்டோ பக்கம் ஆட்கள் நிற்பார்கள். மே, ஜூனில் இன்னும் நன்றாக இருக்கும். ஓடை வாய்களில் ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய பொய் இரை) மட்டும்தான் என்று விதி உள்ள இடங்கள் உண்டு, பலகையைப் படித்துவிட்டு வீசுங்கள்.

ஏரிக்கரை_எழில்:
நிலாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியில் கரைக்கு வராது.

பழைய_தூண்டில்:
எழில் இன்று சொன்னதில் இது ஒன்று தேறும். வெளிச்ச இரவில் ஆழமில்லாத தண்ணீருக்கு வர மீன் யோசிக்கும். இன்னொன்று, ரோட்டோஇட்டியில் படகுக்கு ஜூன் 30 வரைதான் சீசன். ரோட்டருவா ஏரி வருடம் முழுவதும் திறந்திருக்கும். ஆனால் அங்கே கோடையில் அவாஹோ, ஹமுரானா ஓடை வாயில் குளிர்ந்த தண்ணீரைத் தேடிக் குவிந்த மீன், ஏரி குளிர்ந்ததும் கலைந்துவிடும். ஜனவரி இடத்தில் ஏப்ரலில் நின்றுவிட்டு இன்னொரு இழை திறக்காதீர்கள்.

குன்னூர்_பிரபு:
பருத்தித்துறையாரே, தேங்காய்ப்பால் முதல் பாலா, இரண்டாம் பாலா?

நரேன்_ஹாமில்டன்:
போய் வந்தோம். லைசென்ஸ் இரண்டும் எடுத்தேன். பகலில் ஒன்றும் இல்லை. இருட்டின பிறகு கரையில் மாமாவுக்கு ஒன்று, வெள்ளி மாதிரி நல்ல மீன். எனக்கு மாட்டியது கறுப்பு, விட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மீனா_டௌரங்கா:
நல்லது. எந்தக் கரை? என்ன ஃப்ளை?

பருத்தித்துறையான்:
இரண்டாம் பால், பிரபு. முதல் பால் இறக்கும்போது. நரேன், மீனை என்ன செய்தீர்கள்?

மீனா_டௌரங்கா:
நரேன்?