புதுப்பிப்பு: சூடேறாத இன்ஜின், காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை, ஹீட்டரில் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது, பி0128 கோடு (இன்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் தரும் பிழைக் குறி) காட்டுகிறது என்று. கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். நல்லவேளை, உடனே வாங்கவில்லை.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமலே சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்த்தேன். கூலன்ட் 24 டிகிரி, உள்ளே வரும் காற்று 23. ஆறிய வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஆக சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. ஓட்டும்போது நெரிசலில் 80 வரை ஏறியது, வேகமெடுத்ததும் 64க்கு இறங்கிவிட்டது.

அடுத்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டேன் (ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) மூடியிருந்தால் இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை அந்த ஹோஸ் சில்லென்றே இருக்க வேண்டும். எனக்கு இரண்டே நிமிடத்தில் கை வெதுவெதுத்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால், வால்வு முழுதாக மூடவில்லை. விளிம்பில் பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்று, அரிசியளவுதான், சிக்கியிருந்தது. ஸ்பிரிங்கிலும் துரு. அதனால் சுத்தம் செய்து மாட்டாமல் புதிதே போட்டேன். கூலன்ட் நிரப்பி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்றினேன். இப்போது எந்த வேகத்திலும் 88 முதல் 92க்குள் நிற்கிறது.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சூடேறாத இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.