டாஷ்ஹண்ட் நாய்க்குக் கழுத்து வலி, துடிப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, என்னவாக இருக்கும்?

கேள்வி:
எங்கள் சிண்டு டாஷ்ஹண்ட், ஆண், 6 வயது. ஒன்பது நாளாகத் தலையைத் தூக்கமாட்டேன் என்கிறான். தரையில் தட்டு வைத்தால் கிட்டே போய் மோந்து பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறான், சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனால் மட்டும் சாப்பிடுகிறான், அதனால் பசி இருக்கிறது என்று தெரிகிறது. இடது காதுக்குக் கீழே கழுத்துத் தசை திடீர் திடீரென்று துடிக்கிறது, கை வைத்தால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. நேற்று மகள் தூக்கப் போனபோது வீல் என்று கத்தினான், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காய்ச்சல் இல்லை, 101.8 டிகிரி. ரத்தத்தில் தட்டணுக்கள் சரியாக இருப்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு வாய்ப்புக் குறைவு என்றார் டாக்டர். எக்ஸ்ரேயும் நார்மல். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்தார், மூன்று நாள் நன்றாக இருந்தான், சோபாவில் ஏறிக் குதித்தான், மறுநாள் பழையபடி. வேறு ஒருவரிடம் காட்டினோம், அவர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

பதில் 1:
முதலில் மாத்திரை விஷயம். சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மெலாக்சிகாமும் ஸ்டீராய்டும் ஒன்றாகப் போனால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும். ஒன்றை நிறுத்திச் சில நாள் இடைவெளி விட்டுத்தான் அடுத்தது. இரண்டாவது டாக்டருக்கு முதல் மருந்து தெரியுமா? தெரியாது என்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று நமக்கான பாராசிட்டமால், புரூஃபன் எதுவும் வேண்டாம், நாய்க்கு விஷம்.

எங்கள் டாஷ்ஹண்டுக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான், கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது. இந்த இனத்துக்குச் சின்ன வயதிலேயே ஜவ்வு இறுகிக் கெட்டியாகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வும் தண்டுவடமும் தெரியாது, அதனால் நார்மல் என்று வந்ததை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். மூன்று நாள் சரியானது மருந்தால் வலி அடங்கியதால், உள்ளே ஒன்றும் ஆறவில்லை.

பதில் 2:
என்னுடையது பீகிள் இன நாய். ஒரு வயதில் கழுத்து வலி, கூடவே 104 காய்ச்சல், கடைசியில் மூளையுறை அழற்சி என்று தெரிந்தது, முதுகுத்தண்டு நீரை எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வருவது, உங்கள் பையனுக்கு வாய்ப்புக் குறைவு. காதுக்குள் சீழ், கடைவாய்ப்பல் இதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனாலும் டிஸ்க் மீதுதான் எனக்கும் சந்தேகம். சின்ன இனங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புக்கு நடுவில்தான் இது அதிகம் வரும். அந்த இடத்தில் தண்டுவடத்தைச் சுற்றி இடம் கொஞ்சம் தாராளம், அதனால் கால் நன்றாக நடக்கும், வலி மட்டும் உயிர் போகும். துடிப்பை வீடியோ எடுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயால் வரும் துடிப்பு தூக்கத்திலும் ஒரே தாளத்தில் நிற்காமல் அடிக்கும், வலியால் வருவது அசையும்போது கூடும்.

இன்னொன்று. அவன் நிற்கும்போது ஒரு பாதத்தை மெதுவாக மடக்கி, புறப்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். சட்டென்று திருப்பிக்கொள்ள வேண்டும். தாமதித்தால் நரம்பும் அழுந்துகிறது என்று அர்த்தம், அப்போது எம்ஆர்ஐ அல்லது சிடி தள்ளிப்போடக் கூடாது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கே எடுப்பது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நடக்கவே முடியாமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும்.

அதுவரை கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். 4 முதல் 6 வாரம் கூண்டில் ஓய்வு, ஒன்றுக்குப் போக மட்டும் வெளியே. தட்டை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள்.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன், முதல் மருந்து அவருக்குத் தெரியவே இல்லை, ஸ்டீராய்டை இப்போது ஆரம்பிக்க வேண்டாம் என்றார். இரண்டு செங்கல் அடுக்கி மேலே தட்டை வைத்தேன், முழுசாகச் சாப்பிட்டான். பாதத்தை மடக்கிப் பார்த்தேன். மூன்று கால் சட்டென்று திருப்பினான், இடது முன்னங்காலை மட்டும் இரண்டு மூன்று நொடி அப்படியே விட்டுவிட்டான். இன்று இரவே சென்னைக்குக் காரில் கிளம்புகிறோம், கூண்டுக்குள் போர்வை சுருட்டி வைத்திருக்கிறேன்.