கிளிப் அடித்தும் கேபிள் தொய்கிறது. மூன்று கேபிளையும் சேர்த்து டை போடலாமா?

புதுவயரிங்:
சுவரின் மேல் 2.5 சதுர மிமீ தட்டைக் கேபிள் 6 மீட்டர் கிடைமட்டமாக ஓடுகிறது. அரை மீட்டருக்கு ஒரு ஆணிக் கிளிப். நடுநடுவே தொய்வு, அலை அலையாக நெளிவு. பூச்சு உதிர்ந்து சில ஆணிகள் கையோடு வந்துவிட்டன. பக்கத்தில் ஏசி கேபிளும் வாட்டர் ஹீட்டர் கேபிளும் போகின்றன. மூன்றையும் சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிவிடலாமா?

தூக்குக்குண்டு:
அரை மீட்டர் ரொம்ப அதிகம். இந்தக் கனத்துக் கேபிளுக்குக் கிடைமட்டத்தில் 25 செமீ, செங்குத்தில் 40 செமீ. வளைவின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பெட்டிக்குள் நுழையும் முன் 10 செமீக்குள் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் இழுவை நேராக வயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் திருகுக்குப் போகும். திருகு தளர்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு.

நெளிவு சுருளிலிருந்து வருவது. சுருளை உருட்டி விரிக்க வேண்டும். பக்கவாட்டில் உருவினால் முறுக்கு ஏறிவிடும், அப்புறம் எத்தனை கிளிப் அடித்தாலும் நேராகாது. நூல் தட்டிக் கோடு போடுங்கள். ஒரு கிளிப் அடித்து, கட்டைவிரலால் நீவிக்கொண்டே போய் அடுத்ததை அடியுங்கள். ஆணி கேபிளுக்குக் கீழ்ப்பக்கம் வரட்டும், எடை அதில் உட்காரும்.

கிளிப் சுவரைத் தொட்டதும் சுத்தியலை நிறுத்திவிடுங்கள். கூட ஒரு அடி விழுந்தால் உறையில் பிறை போல ஒரு தடம் தெரியும். வெளியே அவ்வளவுதான், உள்ளே காப்பு நசுங்கியிருக்கும்.

உதிர்ந்த ஓட்டையில் மறுபடி ஆணி நிற்காது. 6 மிமீ துளை போட்டு, அதில் திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகு போட்ட சேடில் (கேபிளை அணைத்துப் பிடிக்கும் பட்டை) மாட்டுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் புதைந்த வயர் இருக்கலாம். அங்கே டிரில் வேண்டாம்.

செம்புக்கம்பி:
டை விஷயத்துக்குப் பதில்: கூடாது. மூன்று சர்க்யூட்டைக் கட்டாகக் கட்டினால் ஒவ்வொன்றும் தாங்கும் கரண்ட் 0.7 மடங்காகக் குறையும். 20 ஆம்பியர் தாங்குவது 14 தான் தாங்கும். கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்தான் எம்சிபி, அதற்கு இது தெரியாது. 20 ஆம்பியர் எம்சிபி 18 ஓடினாலும் பேசாமல் இருக்கும். பிவிசி காப்பின் எல்லை 70 டிகிரி. ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும்போது கட்டின் நடுவில்தான் அதைத் தாண்டும், தொட்டுப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

கேபிள் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி விட்டு இணையாக ஓட்டுங்கள். அப்போது குறைக்கத் தேவையில்லை. பார்வைக்கும் அதுவே அழகு.

புதுவயரிங்:
அவ்வளவு இடமில்லை சார். மூன்றையும் ஒரே கேசிங் பட்டிக்குள் (மூடி போட்ட குழாய் போன்ற பட்டி) போட்டால்?

செம்புக்கம்பி:
மூடிய பட்டிக்கும் அதே 0.7 கணக்குதான். ஏசிக்குத் தனிப் பட்டி கொடுங்கள். எந்தப் பட்டியிலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை அழுத்தி மாட்ட வேண்டி வந்தால் பட்டி சிறியது என்று அர்த்தம்.

மெகர்500:
வெளிச்சுவரில் வெள்ளை டை வேண்டாம், வெயிலில் நொறுங்கும், கருப்பு போடுங்கள். கதவு, மாடிப்படி வழியில் அங்கங்கே உலோகக் கிளிப்பும் வேண்டும். தீ பிடித்தால் பிளாஸ்டிக் உருகி, வெளியேறுபவர் கழுத்தில் கேபிள் சிக்கும்.

வேலை முடிந்ததும் மெயினை அணைத்து, சாதனங்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் மெகர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஆணி எங்கோ உறையைத் தாண்டியிருக்கலாம். அந்தப் பிறைத் தடங்களைத் தேடுங்கள்.