கிளாஸ்ல செஞ்சு காட்டுன சோதனை சொதப்புன கதை இருந்தா சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
நீடாமங்கலம் பக்கம், நாலாங்கிளாஸ். தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவத்தி, மேல டம்ளர கவுக்கறது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நல்லா தெரியட்டும்னு குங்குமம் வேற கரைச்சிருந்தேன். தண்ணி ஏறுச்சு, புள்ளைங்க கைதட்டுச்சுங்க, நானும் எப்பவும் போல "ஆக்ஸிஜன் தீந்துச்சு, அந்த எடத்துக்கு தண்ணி வந்துச்சு, காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்ஸிஜன்"னு போர்டுல எழுதிட்டு திரும்புறேன், கடைசி வரிசைல வாயே தொறக்காத ஒரு பொண்ணு எழுந்து "எரியறப்ப ஏறலியே டீச்சர், அணைஞ்சப்புறந்தானே சர்ருனு ஏறுச்சு"ங்குது. "உக்காரு"ன்னுட்டேன். ராத்திரி வீட்ல செஞ்சு பாத்தா அவ சொன்னதுதான் சரி. இப்ப அவ ஆறாங்கிளாஸ், வேற ஸ்கூலு.

நாத்தங்கால்:
எனக்கு சொதப்புனது முட்டை, டீச்சர். உப்புத்தண்ணில மெதக்கும்னு பெருசா சொல்லிட்டு ஒரு சொம்புல மூணு ஸ்பூன் உப்பு போட்டேன், முட்டை அடியிலேயே கெடக்கு. ஒரு பய, "சார், எங்க தாத்தா வெதநெல்லுக்கு பத்து லிட்டர் தண்ணிக்கு ஒன்றர கிலோ கல்லுப்பு போடுவாரு, முட்டை மேல வந்து எட்டணா காசு அகலம் தெரிஞ்சாதான் நெல்ல கொட்டுவாரு"ன்னான். மறுநாள் அவனே தூத்தாத நெல்லு ஒரு மடி கொண்டாந்துட்டான். கொட்டுனா பதரும் கருக்காயும் மேல, நல்ல மணி அடியில. நான் சாக்பீஸ வெச்சுட்டு பெஞ்சுல போயி உக்காந்துட்டேன்.

குடமுருட்டி:
மொதல்ல எழுதுன டீச்சருக்கு. நாலாங்கிளாஸ்ல நெருப்பே வேணாங்க. அப்புறம் அந்த 'ஆக்ஸிஜன் தீந்துச்சு' கதைய நிறுத்துங்க, தீ அணையறப்பகூட உள்ள ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும். சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளியேறிடும் (டம்ளர் ஓரத்துல குமிழி வரும், பாத்திருக்கீங்களா?), அணைஞ்சதும் மிச்சக்காத்து ஆறி சுருங்கும், அதான் தண்ணி ஏறுது. மொத நாளே வீட்ல ஒருதடவ செஞ்சு பாத்துருங்க. செய்யறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு புள்ளைங்கள சொல்லச் சொல்லுங்க. நாலு பேருக்கு ஒரு தட்டு குடுங்க, நாப்பது பேருக்கு ஒரு டம்ளர்னா முன்வரிசைக்குதான் தெரியும். முட்டை சாருக்கும் ஒண்ணு, உப்புல போட்ட நெல்ல ரெண்டு மூணு தடவ நல்ல தண்ணில அலசுனீங்களா? இல்லன்னா முளைப்பு அடி வாங்கிடும். என் கதை ரெண்டு வரி: ஆத்து மணல்ல காந்தத்த நேரா விட்டுட்டேன், கருப்புத்தூளு ஒட்டுனது இன்னிவரைக்கும் முழுசா போகல, பாலித்தீன் கவர்ல சுத்தி விட்டிருக்கணும்.

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
சார், தீப்பெட்டி என் கைலதான் இருந்துச்சு. காரணமும் அன்னிக்கு ராத்திரியே தேடிப் படிச்சுட்டேன். நான் சொல்ல வந்தது அந்தப் புள்ள மறுபடி அந்த வருஷம் பூரா கேள்வியே கேக்கலங்கறத.

நாத்தங்கால்:
அலசுனோம் சார், மூணு தடவ. ஈரத்துணில முடிஞ்சு பீரோ மேல வெச்சோம், வெள்ளிக்கெழம. திங்கக்கெழம வந்து பாத்தா துணி மட்டுந்தான் இருக்கு, எலி. அந்தப் பய மட்டும் அசரல, "அதுக்கும் நல்ல நெல்லு எதுன்னு தெரிஞ்சிருக்கு சார்"ங்கறான்.